கல் நட்டால் மனை ஆகிவிடுமா?

திருவள்ளூரைத் தாண்டி அரக்கோணம் பக்கம் ரயிலில் போகிறவர்கள் இரண்டு விதமான நிலங்களைப் பார்த்திருப்பார்கள். ஒன்றில் நெல்லோ கரும்போ நிற்கும். இன்னொன்றில் சாயம் பூசிய கற்கள் வரிசை வரிசையாக நிற்கும். நடுவே ஒரு வளைவு, அதில் ஏதாவது ஒரு நகரின் பெயர். முதலாவது இரண்டாவதாக மாற ஒரு ஜேசிபியும் ஒரு வாரமும் போதும். சட்டத்தின் கணக்கில் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

இந்த வழியில் இருக்கும் திருவாலங்காடு கரும்பு ஊர். திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலையே இங்கேதான் இருக்கிறது. ஆனால் மாவட்டத்தின் கிழக்கே கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட் தொழிற்பேட்டைகள் வளர வளர, திருவள்ளூர் மாவட்டம் முழுக்க நிலத்தின் விலையை விளைச்சல் தீர்மானிப்பது நின்றுபோனது. மாதத் தவணையில் மனை வாங்கும் கம்பெனி ஊழியர் தரகரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "பட்டா இருக்கா?" தரகரும் உடனே சொல்வார், "பட்டா க்ளியர் சார், பஞ்சாயத்து அப்ரூவல்கூட இருக்கு."

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். இருந்தும் அது வீடு கட்ட முடியாத நிலமாக இருக்கலாம். நிலம் யாருடையது என்பதற்குத்தான் பட்டா சாட்சி. அங்கே என்ன செய்யலாம் என்பது 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் விஷயம். வயலைக் கூறுபோட்டு மனைப்பிரிவாக்க ஊராட்சித் தலைவரின் கையெழுத்து மட்டும் செல்லாது. நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி. ஒப்புதல் தர வேண்டும். சென்னைப் பெருநகர எல்லைக்குள் என்றால் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. தர வேண்டும். அந்த எல்லையும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். திருவள்ளூர் மாவட்டக் கிராமங்கள் பலவும் அதற்குள் வந்தன. ஆகவே நம் சர்வே எண் எந்த அலுவலகத்தில் அடங்குகிறது என்பதையே முதலில் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

நில ஆவணம் திருவாலங்காட்டுக்குப் புதிதல்ல. 1905-இல் இங்கே கிடைத்த 31 செப்பேடுகள், முதலாம் ராஜேந்திர சோழன் பக்கத்து ஊரான பழையனூரை ஆலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்ததைப் பதிந்து வைத்தவை. பெண் யானையை நடக்கவிட்டு அந்த ஊருக்கு எல்லை குறித்தார்கள். அரசன் வாயால் சொன்னது ஓலையில் ஏறி, அதிகாரிகள் பலர் கைமாறி, வரிக் கணக்கில் பதிவாகி, அதற்குப் பிறகே கொடை நடப்புக்கு வந்தது. இன்றைய சிவப்பு நாடா ஒன்றும் நம் கண்டுபிடிப்பல்ல! சோழர் காலத்து இத்தகைய கொடைப் பட்டயங்களில் இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. வாய்க்கால் வெட்டிக்கொள்ளலாம், அதிலிருந்து வேறு யாரும் கிளை வெட்டக் கூடாது, சுட்ட செங்கல்லால் மாடி வீடு எழுப்பலாம் என்று உபயோகத்தையும் எழுதிவிடுவார்கள். உரிமையும் உபயோகமும் ஒரே ஏட்டில் இருந்தன. நாம் ஒன்றைத் தாலுகா ஆபீஸுக்கும் மற்றதை நகரமைப்பு அலுவலகத்துக்கும் பிரித்தோம். அந்த இடைவெளியில்தான் மனை வியாபாரம் கொழித்தது.

இதில் அதிகம் அடிபடுவது தண்ணீர். கொசஸ்தலை ஆறு பூண்டி ஏரிக்குப் போகும் வழியில் இருக்கும் பகுதி இது. ஏரிக்கு வரும் வரத்துக் கால்வாயும் வயல் வாய்க்காலும் புல வரைபடத்தில் கோடாக இருக்கும். தரையில் மண் நிரவப்பட்டு, அதன்மேல் மனை நிற்கும். வாங்குபவர் கோடை காலத்தில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பார். ஐப்பசியில் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டுக் கொடுப்பதுதான் விவேகம்.

நீதிமன்றம் தலையிட்டது 2016-இல். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட, பத்திரப் பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடின. அதுவரை தடுக்காமல் பதிந்து, முத்திரைத்தாள் கட்டணமும் வாங்கிக்கொண்டது இதே அரசாங்கம்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2017 மே மாதம் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20 வரை உருவான மனைப்பிரிவுகளுக்குக் கட்டணம் கட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். கெடு பலமுறை நீண்டது. மனை பிரித்து விற்றவர் பலரும் அதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். கட்டணம் மனை வாங்கியவர் தலையில் விழுந்தது.

சொந்த வயலிலேயே கிடங்கோ வீடோ கட்ட நினைக்கும் விவசாயியின் பாடு வேறு. முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இல்லாத பகுதி என்றால், நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி நில உபயோக மாற்றத்துக்கு இயக்ககத்தின் இசைவு வேண்டும். நஞ்சையாக இருந்தால் ஆட்சியரின் கருத்தும் கேட்கப்படும். முழுமைத் திட்டம் உள்ள பகுதியில் அந்தத் திட்டத்தையே திருத்த வேண்டும்: அறிவிப்பு, ஆட்சேபணை, அரசிதழ் என்று நீளும். ரயில்வே நில எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் மனை இருந்தால் ரயில்வேயின் தடையின்மைச் சான்றும் சேரும். பெரிய கம்பெனிக்கு இதற்கெல்லாம் ஆள் இருக்கிறது. இரண்டு ஏக்கர்க்காரர் வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டும். நிலத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட அவருக்குக் கூடுதலாக ஒரு காரணம் கிடைக்கிறது. நஞ்சையைக் காக்க எழுதிய விதி இப்படியும் வேலை செய்கிறது.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை சிறிய வீடுகளுக்கு நல்ல வசதி. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையத்திலேயே அனுமதி வாங்கலாம். கள ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் மனை அங்கீகாரம் பெற்றதாகவோ வரன்முறை செய்யப்பட்டதாகவோ இருக்க வேண்டும். புதிய மனைப்பிரிவு என்றால், 500 சதுர மீட்டருக்கு மேலோ எட்டு மனைக்கு மேலோ இருக்கும்போது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் உண்டு. முன்பணம் கொடுக்கும் முன் இவற்றைக் கேளுங்கள். ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பூங்கா என்று குறித்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்றும் நடந்துபோய்ப் பாருங்கள். அங்கேயும் கல் நட்டிருந்தால், அட்வான்ஸைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடிக்கலாம்.