உலாவியின் நிகழ்ச்சிகளும் பின்னணிப் பணியாளும்

கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியில், 1957ஆம் ஆண்டில் அமைந்த மிளகு வாணிபச் சங்கத்தின் கூடத்தில், தரகர்கள் பல்லாண்டுகள் உரக்கக் கூவி விலை பேசினர். வெளியூர் வணிகர் அங்கு வந்து நிற்கவேண்டியதில்லை. தொலைபேசியில் கிடைத்த உத்தரவைத் தரகரே நிறைவேற்றினார். வலைத்தளங்களிலும் இத்தகைய தரகர் ஒருவர் உண்டு. அந்நிரலுக்குச் 'சர்வீஸ் ஒர்க்கர்' என்று பெயர். இது குரோம் உலாவியில் 2015ஆம் ஆண்டிலும், பயர்பாக்ஸில் 2016ஆம் ஆண்டிலும், சபாரியில் 2018ஆம் ஆண்டிலும் இடம்பெற்றது.

வலைப்பக்கம் திறக்கப்படும்போது, அது தன் பணியாளை உலாவியிடம் பதிவு செய்கிறது. எந்த முகவரிகள் அதன் ஆட்சிக்கு உட்பட்டவை என்னும் எல்லையும் பதிவில் அடங்கும். ஒரு முகவரிக்கு இரண்டு எல்லைகள் பொருந்துமாயின், நீளமானதே கொள்ளப்படும்.

பணியாளிடம் வரும் நிகழ்ச்சிகளில் முக்கியமானவை மூன்று. முதலாவது, கோரிக்கை: ஆட்சிக்கு உட்பட்ட பக்கம் ஒரு கோப்பைக் கேட்டால், அது முதலில் பணியாளிடம் செல்லும். பணியாள் சேமித்த பிரதியைத் தரலாம். வாளாவிருந்தால் உலாவியே வழக்கம்போல் பெற்றுக்கொள்ளும். இரண்டாவது, சேவையகம் அனுப்பும் அறிவிப்பு. இதற்குப் பக்கம் திறந்திருக்கவேண்டுவதில்லை. மூன்றாவது, அறுந்த இணைப்பு மீண்டபின் எழும் ஒத்திசைவு நிகழ்ச்சி. இது எல்லா உலாவிகளிலும் இல்லை.

வேலையில்லாத பணியாளை உலாவி நிறுத்திவிடும். அடுத்த நிகழ்ச்சி வந்ததும் மீண்டும் எழுப்பும். இதனால் மூன்று விதிகள் பிறக்கின்றன. நிகழ்ச்சிகளை ஏற்கும் பகுதிகள், நிரல் ஓடத் தொடங்கியவுடனேயே பதிவாகவேண்டும். தாமதித்தால் வந்த நிகழ்ச்சியை ஏற்பாரில்லை. வேலை முடியும்வரை தன்னை நிறுத்தலாகாது என்று பணியாள் உலாவிக்குத் தெரிவிக்கவேண்டும். நினைவகத்தில் மட்டும் வைத்த விவரங்கள் அழிந்துபோகுமாதலால், அவற்றை உலாவியின் தரவுக் களஞ்சியத்தில் எழுதிவைக்கவேண்டும்.

இவ்விதிகள் ஏட்டளவில் நிற்பவை அல்ல. ஓர் ஆசிரியர் இணைப்பற்ற சிற்றூரில் மாணவர் வருகையைப் பதிவு செய்கிறார் எனக் கொள்வோம். களஞ்சியத்தில் எழுதப்படாவிடில் அன்றைய உழைப்பு முழுவதும் வீணாகும். எழுதப்பட்டிருந்தால், ஒத்திசைவு இல்லாத உலாவியிலும் அடுத்த முறை பக்கம் திறக்கும்போது அதனை அனுப்ப இயலும். ஆகவே, களப்பணிக்கு ஒரு செயலியை ஏற்குமுன், கைபேசியின் இணைப்பைத் துண்டித்துச் சில விவரங்களைப் பதிந்து, உலாவியை மூடித் திறந்து, அவை எஞ்சியுள்ளனவா என்று சோதித்தறிவது நலம்.