கீழ்வீடு உங்களுக்கு, மாடி வாடகைக்கு

மதுரை கே.கே. நகரில் பல வீடுகளில் மாடி எழும்புவது பணி ஓய்வை ஒட்டித்தான். பி.எஃப்., கிராஜுவிட்டி கைக்கு வந்ததும் கொத்தனாரைக் கூப்பிடுகிறோம். கீழ்வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாம் மாடிக்குப் போகிறோம். மாடியில் காற்று வரும், கொசு குறையும். அறுபது வயதில் இந்தக் கணக்கில் பிழை தெரியாது. எழுபத்தைந்தில் மூட்டு தேய்ந்தபின் பால் பாக்கெட் எடுக்க இருபது படி இறங்கி ஏற வேண்டும். முதலில் மாலை நடை நிற்கும், பிறகு கோயில் நிற்கும், பிறகு கூட்டாளிகளைப் பார்ப்பதும் நின்றுபோகும். கீழ்வீட்டை உங்களுக்கு வைத்துக்கொண்டு மாடியை வாடகைக்கு விடுங்கள். வாடகை கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

அதிகக் கவனம் வேண்டியது குளியலறைக்கு. வழுவழுப்பான டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பானது போடுங்கள். கழிப்பறைக்குப் பக்கத்துச் சுவரில் எவர்சில்வர் கைப்பிடி பதியுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்து கதவை அடைத்துக் கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ளவே முடியாது. மூன்றடி அகலம் இருந்தால் நாளைக்குச் சக்கர நாற்காலியும் நுழையும். வீடு கட்டும்போது இதற்கு ஆகும் செலவு சொற்பம்.

பணம் முழுவதையும் செங்கல்லில் போட்டுவிடாதீர்கள். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். கணக்குத் தொடங்கும் நாளின் வட்டி விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு வீட்டை எழுதிவைப்பதானால், எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். பராமரிக்காவிட்டால் 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்துசெய்யக் கோரலாம்.

விலை மலிவு என்று ஊருக்கு வெளியே பிளாட் வாங்கிக் குடிபோகும் ஆசை பலருக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கே லேக் வியூ சாலைப் பக்கம் இறங்கினால் வண்டியூர் கண்மாய்க் காற்று. ஆட்டோ பிடித்தால் தமுக்கம் அருகே காந்தி அருங்காட்சியகம். புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். பொழுதுபோக்கு என்பது ஆசையால் மட்டும் நிலைக்காது. அலுப்பில்லாமல் போய்வரும் தூரத்தில் அது இருக்க வேண்டும்.

பக்கத்து அண்ணா நகரில்தான் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு, 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் வளைந்த விரல்களோடு கத்தி பிடித்தவர் அவர். அத்தனை பெரிய காரியம் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவர் கண் சிகிச்சை முகாம்களை நடத்தத் தொடங்கியது ஓய்வுக்குப் பின் அல்ல, அரசு டாக்டராக இருந்தபோதே.

ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுத்தோட்டத்துக்கு நாலு தொட்டி வாங்குங்கள். இல்லை, பாதியில் விட்ட வீணையை எடுத்துத் தந்தி மாற்றக் கொடுங்கள்.