எண்ணப்படும் இணைப்புகள் எவை?

ஒரு நூலின் மதிப்பை அந்நூலே எடுத்துரைப்பதைவிட, பிறர் அதனை மேற்கோளாக ஆள்வதே நன்கு காட்டும். மறைந்துபோன தமிழ் நூல்கள் சில, யாப்பருங்கல விருத்தி போன்ற உரைகளில் வந்த மேற்கோள்களாலேயே இன்றும் அறியப்படுகின்றன. எனினும், எல்லா மேற்கோளும் ஒரு தரத்தன அல்ல. நச்சினார்க்கினியர் எடுத்தாண்ட நூலுக்குள்ள மதிப்பு வேறு. விற்பனையாளர் விளம்பரத்தில் புகழ்ந்த நூலுக்குள்ள மதிப்பு வேறு.

இணையத்தளங்களின் நிலையும் இதுவே. ஒரு தளம் மற்றொன்றுக்கு வழிகாட்டும் இணைப்பை மேற்கோளாகக் கருதித் தரம் காணும் முறையை, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பயின்ற லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இருவர் வகுத்தனர். அதன்மேல் எழுந்த கூகுள் நிறுவனம் 1998இல் தோன்றிற்று. பலரால் சுட்டப்பெற்ற பக்கம் நம்மைச் சுட்டினால் அதற்கு எடை மிகுதி. அப்பக்கம் பல தளங்களைச் சுட்டுமாயின், அவ்வெடை பலவாகப் பங்கிடப்படும். இதுவே அம்முறையின் சாரம்.

நம் தளத்திற்கு வரும் இணைப்புகளை அறிவது எவ்வாறு? முன்பு கூகுளிலேயே 'லிங்க்' என்னும் கட்டளையிட்டுத் தேடலாம். அது சிலவற்றை மட்டுமே காட்டிற்று, 2017இல் கைவிடப்பட்டது. இன்று 'சர்ச் கன்சோல்' என்னும் கட்டணமற்ற கருவி உண்டு. தளம் நம்முடையதே என்பதை அதில் உறுதிப்படுத்திய பின், இணைப்புகளுக்குரிய பகுதியைத் திறந்தால் நம்மைச் சுட்டும் தளங்கள், சுட்டப்பெறும் நம் பக்கங்கள், சுட்டும் சொற்கள் ஆகியன தனித்தனியே வரும்.

ஆயின், பட்டியலில் உள்ளவை எல்லாம் எண்ணப்படுவன என்று கொள்ளலாமா? கூடாது. 'இதற்கு யான் சான்று கூறேன்' என்னும் பொருள்பட இணைப்பில் இடும் 'நோஃபாலோ' குறி 2005இல் வந்தது. 2019 முதல் கூகுள் அதனைக் கட்டளையாகக் கொள்ளாமல் குறிப்பாகவே கொள்கிறது. அக்குறியுடைய இணைப்புகளும் பட்டியலில் இடம்பெறும். சூழ்ச்சியால் பெருக்கப்பட்ட இணைப்புகளைப் பயனற்றனவாக்கும் 'பெங்குவின்' முறை 2016இல் தேடலின் உள்ளுறுப்பாயிற்று. எந்த இணைப்புக்கு எவ்வளவு எடை என்பதைக் கூகுள் வெளியிடுவதில்லை. பிற நிறுவனங்கள் தரும் மதிப்பெண்கள் அவர்தம் கணிப்பேயன்றிக் கூகுளின் கணக்கு அல்ல.

ஆகவே, பட்டியலைச் சரிபார்க்கும் பணி நம்முடையது. சுட்டும் பக்கத்தைத் திறந்து பார்த்தல் வேண்டும். அப்பக்கம் இன்னும் உள்ளதா? இணைப்பு கட்டுரையின் நடுவே, படிப்பார்க்குப் பயன்படும் இடத்தில் உள்ளதா? பக்கத்தின் மூலக்குறியில் 'நோஃபாலோ' காணப்படுகிறதா? பொருள் நம் பொருளோடு தொடர்புடையதா? இவற்றுக்கு விடை கண்டால், எண்ணப்படக்கூடியவை எவை என்பது ஓரளவு புலப்படும்.

பள்ளிக்கோ தமிழ்ச் சங்கத்திற்கோ தளம் நடத்துவோர் இதனை மனத்திற்கொள்ளல் நன்று. நூற்றுக்கணக்கில் இணைப்புகளை விலைக்குத் தருவதாகச் சொல்வார் உளர். தர உயர்வுக்காக வாங்கும் இணைப்பு கூகுளின் விதிக்கு மாறானது. செலவிட்ட பொருளும் வீணாகும். ஆயிரம் விலை இணைப்புகளைவிட, நம் இலக்கணப் பாடம் மாணவர்க்கு உதவும் என்று கண்டு ஒரு நூலகம் தானே தரும் ஓர் இணைப்பு மேலானது.