முட்டையைப் பார்த்தாலே ஆளைத் தெரியும்

புழுவைப் பார்த்த பிறகுதான் நம்மில் பல பேர் கரைசலைத் தேடுகிறோம். புழு கண்ணில் படும்போது பாதி இலை போயிருக்கும். முட்டையிலேயே கண்டுபிடித்தால் செலவும் மிச்சம், நன்மை செய்யும் பூச்சியும் மிச்சம். ஒவ்வொரு உயிரும் முட்டை வைக்கிற விதம் வேறு. அதுதான் அதன் அடையாள அட்டை.

நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு, 21 நாள் அடைகாத்து, குஞ்சுகளைக் கூடவே கூட்டிக்கொண்டு மேயும். பெரும்பாலான பூச்சிகள் இதற்கு நேர்மாறு. முட்டை வைத்ததும் தாய் போய்விடும். அதனால் எந்த இடத்தில், எப்படி வைக்கிறது என்பதில்தான் குஞ்சின் பிழைப்பே இருக்கிறது.

வங்கியில் இருந்தபோது பார்ப்பேன். கையில் உள்ளதை ஒரே டெபாசிட்டில் போடுகிறவர் உண்டு. பத்து இடத்தில் பிரித்துப் போடுகிறவரும் உண்டு. அந்துப்பூச்சிகளும் அப்படித்தான்.

நம் திருவண்ணாமலைப் பக்கத்து மானாவாரி மல்லாட்டையில், மழைக்குப் பின் வருகிற சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய் இலையடியில் நூற்றுக்கணக்கில் குவியலாக வைக்கும். புரோட்டீனியாவும் குவியல்தான், மேலே பழுப்பு ரோமம் மூடியிருக்கும். குவியல் என்றால் நமக்கு லாபம். ஒரு இலையைக் கிள்ளினால் ஒரு கூட்டமே போச்சு. வரப்போரம் ஆமணக்கு இருந்தால் புரோட்டீனியா அங்கே போய் வைக்கும், தேடுவது சுலபம். நெல் குருத்துப்பூச்சி நாற்றின் இலை நுனியில் வைக்கும். நுனியைக் கிள்ளி நடச் சொன்னது அதற்காகத்தான்.

தக்காளி, துவரையில் வருகிற பச்சைக் காய்ப்புழு ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்கும். கையால் பொறுக்கி மாளாது. அங்கே டிரைக்கோகிரம்மா குளவி வேண்டும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இந்தக் குளவி, அந்துவின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைத்துவிடும். அந்த முட்டை கறுத்துவிடும். புழுவுக்குப் பதில் குளவி வெளியே வரும். எனவே கறுத்த முட்டை தெரிந்தால் கைவைக்க வேண்டாம். குளவி அட்டை கட்டிய வயலில் சில நாளைக்கு எதையும் தெளிக்கவும் வேண்டாம்.

அசுவினியோ நம் வெயில் பூமியில் முட்டையே வைப்பதில்லை. ஆண் துணையில்லாமல் நேராகக் குட்டி போடும். ஒரே வாரத்தில் குருத்து முழுக்க மொய்ப்பது அதனால்தான். அதைத் தின்ன வருகிறவர்களின் முட்டையைத்தான் நாம் காப்பாற்ற வேண்டும்.

எங்கள் ஊரில் ஒருவர் வெண்டை இலையில் மயிரிழை போல நிற்பதைப் பார்த்து, "சார், பூஞ்சாணம் வந்துடுச்சு, இன்னைக்கே அடிச்சிடணும்" என்று டேங்கோடு வந்துவிட்டார். லென்ஸில் காட்டினேன். ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு முட்டை. பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி வைத்தது. பொரித்த குஞ்சு பக்கத்து முட்டையையே தின்றுவிடும் என்பதால் தனித்தனிக் காம்பில் வைக்கிறது. அந்தக் குஞ்சுதான் அசுவினிக்கு எமன். டேங்க் திரும்பிப் போயிற்று.

அசுவினிக்குப் பக்கத்தில் மஞ்சளாக, கூட்டமாக நிமிர்ந்து நிற்பது பொறிவண்டின் முட்டை. வேலிக் குச்சியில் காய்ந்த நுரை மாதிரி ஒட்டியிருப்பது கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு. வேலி வெட்டும்போது அந்தக் குச்சியை மட்டும் விட்டுவிடுங்கள்.

இயற்கைக் கரைசல்தானே என்று கண்டபடி அடித்தால், அசுவினியோடு பொறிவண்டுக் குஞ்சும் அடிபடும். வாரம் இரண்டு நாள் காலையில், வயலின் நாலு மூலையிலும் நடுவிலும் சில செடிகளின் இலையைத் திருப்பிப் பாருங்கள். யார் வைத்த முட்டை என்று தெரிந்த பிறகு டேங்கைத் தொடுங்கள்.