தோலும் தையலும் – 17: முகம் இறுகிய பிறகு கழுத்து

ஃபேஸ்லிஃப்ட் எனப்படும் முகத்தோல் இறுக்கச் சத்திரசிகிச்சை முடிந்து வீக்கம் வடிந்ததும், பலருக்குக் கன்னத்தைவிடக் கழுத்துத்தான் கண்ணை உறுத்துகிறது. கன்னம் இறுகியிருக்கும். நாடிக்குக் கீழே மட்டும் ஒரு தொய்வு, அல்லது கயிறு இழுத்துக் கட்டியதுபோல் இரண்டு வரம்பு, அல்லது நடுவில் ஒரு பள்ளம். வெட்டு காதின் முன்னும் பின்னும் போவதால் இழுப்பு பக்கவாட்டில் விழுகிறது. கழுத்தின் குறையோ பெரும்பாலும் நடுவில், நாடிக்கும் குரல்வளைக்கும் இடையில் இருக்கிறது. திருகோணமலைக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரு கயிற்றையும் எவ்வளவு பலமாக இழுத்தாலும் மடி நடுவில் பாரமாகத்தான் வரும்.

நாடிக்குக் கீழே முதலில் தோல், அடுத்து ஒரு படை கொழுப்பு, அதன்கீழ் பிளாட்டிஸ்மா என்னும் தகடு போன்ற மெல்லிய தசை. அதற்கும் உள்ளே இன்னொரு கொழுப்புத் திட்டு, டைகாஸ்ட்ரிக் தசைகள், தாடைக்கீழ் உமிழ்நீர்ச் சுரப்பி, நாவடி எலும்பு. கன்னத்தின் தோலுக்கடியில் ஓடும் நார்ப்படையை 1976இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற பிரெஞ்சு வைத்தியர்கள் விவரித்தார்கள். கழுத்தில் அந்தப் படையின் தொடர்ச்சிதான் பிளாட்டிஸ்மா. இடது வலது பிளாட்டிஸ்மாக்கள் நடுவில் பின்னும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். பிரேசிலைச் சேர்ந்த கார்டோசோ டி காஸ்ட்ரோ 1980இல் காட்டியபடி, நான்கில் மூன்று பேருக்கு நாடியின்கீழ் ஓரிரு சென்றிமீற்றர் மட்டுமே அவை பின்னியிருக்கும். பத்தில் ஒருவருக்குப் பின்னலே இராது. பின்னல் குறைந்த கழுத்தில் தசையின் உள்ளோரங்கள் வயதோடு விலகி, இரு கயிறாகத் தொங்குகின்றன. பக்கத்திலிருந்து மட்டும் இழுத்தால் அந்தக் கயிறுகள் சில மாதங்கள் மறைந்திருந்துவிட்டுத் திரும்பவும் எழும்.

எந்தக் கழுத்து சரியான கழுத்து என்பதற்கு எலன்போகன், கார்லின் இருவரும் 1980இல் தந்த அளவுகோலே இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. தாடை விளிம்பு தெளிவாகத் தெரிய வேண்டும். நாடியும் கழுத்தும் சந்திக்கும் கோணம் 105 முதல் 120 பாகை வரை இருக்க வேண்டும். நாவடி எலும்பின்கீழ் சிறு குழிவும், குரல்வளை மேடும், பக்கத்துப் பெருந்தசையின் முன்னோரமும் புலப்பட வேண்டும். இந்த அளவுகோல் எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 1950இல் திருகோணமலையில் கிணறு தோண்டியபோது கிடைத்த கோணேசர் கோயில் செப்புத் திருமேனிகள் சோழர் மரபைச் சேர்ந்தவை. அந்த மரபின் சிற்பிகள் கழுத்தில் மூன்று வரி இட்டதை அழகென்றே இட்டார்கள். சங்குக் கழுத்து என்று நம் வழக்கு சொல்வதும் அதைத்தான். குறுக்கே ஓடும் இவ்வரிகள் இளமையிலேயே இருப்பவை, முகத்தை இழுத்தால் போகாதவை. அவை போகவில்லை என்பதற்காகச் சத்திரசிகிச்சை பிழைத்தது என்று சொல்ல முடியாது.

குறையைக் கண்டறியக் கண்ணாடியும் இரண்டு விரலும் பெருமளவுக்குப் போதும். நிமிர்ந்து அமர்ந்து, பல்லைக் கடித்து, கீழுதட்டின் இரு கோடிகளையும் கீழே இழுத்தால் பிளாட்டிஸ்மா விறைக்கும். அப்போது எழும் வரம்பு தசையினுடையது. சும்மா இருக்கும்போதும் தொங்குவது தோலும் சேர்ந்தது. நாடிக்கீழ்ச் சதையைக் கிள்ளிப் பிடித்தபடி தசையை விறைத்தால், விரலுக்குள் நிற்பது மேற்கொழுப்பு, நழுவி உள்ளே போவது ஆழக்கொழுப்பு. தாடை விளிம்புக்குக் கீழே பக்கவாட்டில் முட்டைபோல் உருள்வது பெரும்பாலும் உமிழ்நீர்ச் சுரப்பி. அதைக் கொழுப்பென்று நினைத்து உறிஞ்சப் போனவர்கள் உண்டு. உறிஞ்சியால் சுரப்பி போகாது.

முதல் நாளின் பெரிய ஆபத்து தோலின்கீழ் குருதி தேங்குவது. இது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வலித்து இறுகினால் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். குருதியழுத்தம் கூடியவர்களுக்கும், அஸ்பிரின் எடுப்பவர்களுக்கும், பெண்களைவிட ஆண்களுக்கும் இது அதிகம். கொழும்பில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு அன்றிரவே கந்தளாய் வழியாக 260 கிலோமீற்றர் பேருந்தில் திரும்புவது இந்த ஒரு காரணத்துக்காகவே கூடாது. வெளியேற்றாமல் விட்ட குருதி பின்னர் இறுகி முடிச்சாகும். மேலே தோல் சுருங்கும். அப்படிப்பட்ட முடிச்சுகளைத் தடவிக் கரைக்கலாம். சிலவற்றுக்கு ட்ரையாம்சினோலோன் ஊசி மிகச் சிறிய அளவில் போடுவார்கள். அளவு மிஞ்சினால் மேட்டுக்குப் பதில் பள்ளம் விழும்.

சிரிக்கும்போது கீழுதடு ஒரு பக்கம் இறங்காமல் நிற்பதும் முதல் வாரங்களின் பயம். உதட்டைக் குவிக்கவும் கீழுதட்டை வெளியே பிதுக்கவும் முடிந்தால், அடிபட்டது பெரும்பாலும் பிளாட்டிஸ்மாவுக்குப் போகும் நரம்புக் கிளையே. சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் சரியாகும். பிதுக்கவும் முடியாவிட்டால் தாடையோர நரம்பைப் பற்றி யோசிக்க வேண்டும். காதின் கீழ்ப்பகுதி மரத்துப்போவது வேறொரு நரம்பின் வேலை. காதுத் துவாரத்துக்கு ஆறரை சென்றிமீற்றர் கீழே, பக்கத்துத் தசையின்மேல் அது ஓடுகிறது. முகத்தோல் இறுக்கத்தில் அதிகம் காயப்படுவது இந்த நரம்புதான். தோடு பூட்டும்போது சுரை திருகுவதே தெரியவில்லை என்று சொல்பவர்களின் கதை இது.

ஆறு மாதம் கழியும்வரை கழுத்தின் உருவத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது அவசரம். அதற்குப் பிறகும் நிற்பவை இரண்டு வகை: விடப்பட்டவை, அளவுக்குமேல் எடுக்கப்பட்டவை. முதல் வகை எளிது. மிஞ்சிய மேற்கொழுப்பை நாடியின்கீழ் சிறு துளையால் உறிஞ்சலாம். விலகிய தசையோரங்களுக்கு, நாடியின்கீழ் மூன்று நான்கு சென்றிமீற்றர் வெட்டி, இரண்டையும் நடுவில் சேர்த்து நாவடி எலும்புவரை தைக்கிறார்கள். இதை ஃபெல்ட்மன் 1990இல் இடைக்கச்சைக்கு ஒப்பிட்டு விவரித்தார். கயிறு வலுவாக இருந்தால் தசையைக் கீழ்மட்டத்தில் குறுக்கே வெட்டியும் விடுவார்கள். மெல்லிய கயிறுகளை போட்டுலினம் ஊசி மூன்று நான்கு மாதம் அடக்கிவைக்கும். அளவு கூடினால் விழுங்குவது சிரமமாகும் என்பதால் இதையும் விளையாட்டாக எடுக்கக்கூடாது.

இரண்டாவது வகைதான் கைகாரரையும் தடுமாற வைக்கிறது. நடுக்கொழுப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, விலகிய தசையைச் சேர்த்துத் தைக்காமல் விட்டால், நடுவில் குழிந்து இரு பக்கமும் விரிந்து நிற்கும். ஆங்கில நூல்கள் இதற்கு நல்லபாம்பின் பெயரையே வைத்திருக்கின்றன. தோல் நேரடியாகத் தசையில் ஒட்டிக்கொள்வதால் விழுங்கும்போது குழியும் மேலேறி இறங்குவது தெரியும். திருத்துவதற்கு ஒட்டை முதலில் விடுவிக்க வேண்டும். தசையில் தளர்வு இருந்தால் நடுவில் சேர்க்கலாம். இல்லையென்றால் வயிற்றிலோ தொடையிலோ எடுத்த கொழுப்பை நுண்குழாயால் படைபடையாக நிரப்ப வேண்டும். வைத்த கொழுப்பில் ஒரு பகுதி உடலில் கரைந்துபோகும், ஆகவே ஒரே அமர்வில் முடியும் என்று உறுதி தரும் வைத்தியரை நம்புவதற்கில்லை. முதல் முறை கொஞ்சம் கொழுப்பை விட்டுவைப்பவரே நல்ல சத்திரசிகிச்சையாளர்.

தொங்கும் உமிழ்நீர்ச் சுரப்பியை ஓரளவு வெட்டி எடுப்பவர்களும் உண்டு, தொடவே கூடாது என்பவர்களும் உண்டு. ஆழத்தில் குருதி வடிந்தால் மூச்சுக்குழலை நெருக்கும், உமிழ்நீர் கசியவும் கூடும் என்பதுதான் இரண்டாம் தரப்பின் வாதம். அந்தப் பக்கமே நியாயம் அதிகம். நாவடி எலும்பு பிறப்பிலேயே தாழ்ந்திருந்தால் கூரிய கோணம் எந்தக் கையாலும் வராது. நாடி உள்வாங்கியிருந்தால் அதற்கு ஒரு பொருத்து வைப்பதே கழுத்தை அழகாக்கும்.

வெயில் தோலை முகத்தோல் இறுக்கம் மாற்றாது. கடலில் பொழுது கழிக்கும் மூதூர், கிண்ணியாக் கரையோரத்தாரின் கழுத்துப் பக்கங்களில் வெயில்பட்ட தோல் தடித்துக் கறுக்கும். நாடியின் நிழல் விழும் இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். மீள்நார் சிதைந்த அந்தத் தோல் இழுத்தாலும் சீக்கிரம் தளர்ந்துவிடும். புகைப்பவர்களுக்குக் காதின்பின் தோல் செத்துக் கறுக்கும் ஆபத்து கூடுதல். நான்கு வாரமாவது முன்னும் பின்னும் நிறுத்தச் சொல்வார்கள்.

கழுத்துத் தோலின் பாரத்தைக் காதுச் சோணை தாங்கும்படி தைத்தால், சோணை கன்னத்தோடு ஒட்டிக் கீழே நீளும். சோணையை விடுவித்து, பாரத்தை உள்படைக்கு மாற்றித் தைப்பதே திருத்தம். சோணை தைப்பது நம் பக்கத்துக்குப் பழைய கலை. சுஸ்ருத சம்ஹிதை அதற்குப் பதினைந்து முறை சொல்கிறது. கொண்டை போடும் பெண்களுக்குப் பிடரி மயிர்வரம்பு படிபோல் உடைந்தால் எல்லோர் கண்ணிலும் படும். ஆண்களுக்குத் தாடி காதின்பின்னே நகர்ந்து, அங்கேயும் சவரம் செய்ய வேண்டிவரும்.

நாடிக்கீழ்த் தழும்பு நெடுக்காகச் சுருங்கி நாண்போல் விறைத்தால், இசட் வடிவில் வெட்டி இரு முக்கோணங்களையும் இடம் மாற்றித் தைப்பார்கள். 60 பாகைக் கோணத்தில் வெட்டினால், கணக்குப்படி நீளம் 75 வீதம் கூடும். இலங்கையில் இந்தக் கைப்பழக்கம் அழகுச் சிகிச்சையில் வளர்ந்ததல்ல. குப்பி விளக்குச் சரிந்து எரிந்த கழுத்துகளில் வளர்ந்தது. பாதுகாப்பான தட்டைப்பக்கக் குப்பி விளக்கை உருவாக்கிய வைத்தியர் விஜய கொடகும்புறவுக்கு 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்ததும் அந்தத் தீக்காயங்களின் காரணமாகத்தான். தீயில் சுருங்கிய கழுத்தை விடுவித்துப் பழகிய கை, மறுதிருத்தத்துக்கு நம்பக்கூடிய கை.

மறுதிருத்தம் தேடுபவர், வைத்தியர் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணராக இலங்கை மருத்துவச் சபையில் பதிவானவரா என்பதையும், தனியார் நிலையம் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு பெற்றதா என்பதையும் கேட்டறியலாம். முதல் சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதியும், அதற்கு முந்திய புகைப்படங்களும் கையில் இருக்கட்டும். கொழுப்பு எவ்வளவு எடுக்கப்பட்டது, தசை தைக்கப்பட்டதா, வெட்டப்பட்டதா என்பது அந்தத் தாளில்தான் இருக்கும். வெளியிலிருந்து பார்த்து எந்த வைத்தியராலும் அதைச் சொல்ல முடியாது.