'பி' போட்டாச்சா, சார்?

ஆபீஸ் பேஸ்மென்ட் சரிவு. புது ஆட்டோமேட்டிக் கார். 'பி'யில் தள்ளிவிட்டு லிஃப்ட்டுக்கு ஓடுகிறீர்கள். ஹேண்ட்பிரேக்? 'அதான் பி போட்டாச்சே சார்!'

அந்த 'பி' என்ன செய்கிறது தெரியுமோ? கியர்பாக்ஸுக்குள் ஒரு பல்சக்கரத்தின் பல்லிடுக்கில் சின்ன இரும்பு நாக்கைச் செருகுகிறது. அவ்வளவுதான்! சரிவில் வண்டியின் பாரம் பூராவும் அந்த நாக்கின் தலையில். மறுபடி எடுக்கும்போது 'டக்'கென்று ஒரு சத்தம் வருகிறதே, அது நாக்கு விடுபடுகிற முனகல்.

அதனால் முதலில் பிரேக்கை மிதித்தபடி 'என்'. அப்புறம் ஹேண்ட்பிரேக். கால் பிரேக்கை மெல்ல விட்டு, வண்டி ஹேண்ட்பிரேக்கில் நிற்கிறதா பாருங்கள். திரும்ப மிதித்து, கடைசியாக 'பி'.

2016 ஜூனில் ஹாலிவுட் நடிகர் அன்டன் யெல்சின், லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டுச் சரிவில் ஜீப்பை நிறுத்தி இறங்கினார். வண்டி பின்னால் உருண்டு அவரைத் தூணோடு நசுக்கிவிட்டது. வயசு 27. அந்த மாடலில் எந்த கியர் போட்டாலும் லீவர் நடுவுக்கே வந்துவிடும். 'பி' விழுந்ததா என்று கைக்குத் தெரியாது. ஏப்ரலிலேயே கம்பெனி இதற்காகச் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்திருந்தது.

நம்மூரில் 2014-ல் வந்த செலேரியோ ஏ.எம்.டி.யில் 'பி'யே கிடையாது. கியரில் விட்டு இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுக்க வேண்டியதுதான். சும்மா தேடிக்கிட்டு நிக்காதீங்க, பின்னாடி ஹாரன் அடிக்கிறான்!