உளநோயை மறைப்பதால் விளையும் தீங்கு

காய்ச்சல் மூன்று நாட்கள் நீடித்தால் வைத்தியரை நாடத் தயங்காத நாம், வீட்டிலுள்ள ஒருவர் மூன்று மாதங்களாக உறக்கமின்றி, எவருடனும் பேசாது, தனக்குத்தானே முணுமுணுத்துக் கொண்டிருந்தாலும் வைத்தியசாலைப் பக்கம் செல்வதில்லை. கண்ணூறு, செய்வினை, ஜின் என்னும் காரணங்களே முதலில் தேடப்படுகின்றன. கழிப்பும் மந்திரிப்பும் ஓதிப்பார்த்தலும் முடிந்த பின்னரே வைத்தியம் நினைவுக்கு வருகின்றது. பெண் பிள்ளையாயின், திருமணம் தடைப்பட்டுவிடும் என்ற அச்சமும் சேர்ந்துகொள்கின்றது.

இந்தத் தாமதத்துக்கு நோயாளர் கொடுக்கும் விலை பெரிது. மனச்சிதைவு போன்ற கடும் உளநோய்கள் பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளிலுமே தலைகாட்டுகின்றன. கல்வியும் தொழிலும் இல்லறமும் அமைய வேண்டிய பருவம் அது. சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீள, குணமடைவதும் கடினமாகின்றது என்பதை மருத்துவ ஆய்வுகள் உணர்த்தியுள்ளன.

உளநோயை நோயாகவே கருதுவது மேல்நாட்டார் நமக்குக் கற்பித்த புதுமையன்று. ஆயுர்வேதம் இதனை 'உன்மாதம்' என வகுத்து மருந்து கூறியது. கெய்ரோ நகரில் 1284ஆம் ஆண்டளவில் சுல்தான் கலாவூன் நிறுவிய வைத்தியசாலையில் உளநோயாளருக்கெனத் தனிப்பிரிவு இருந்தது. எனவே, வைத்தியரை நாடுவது மார்க்கத்துக்கோ மரபுக்கோ முரணானதாகாது. வழிபாடும் பிரார்த்தனையும் சிகிச்சையுடன் இணைந்து செல்லலாம். ஆனால், நோயாளியை அடிப்பதும் கட்டிவைப்பதும் பட்டினி போடுவதும் எப்பெயரால் நிகழினும் கொடுமையே ஆகும்.

உளமருத்துவப் பரிசோதனை என்றதும் பலரும் மின்னதிர்ச்சியையும் பூட்டிய அறையையும் எண்ணி அஞ்சுகின்றனர். உண்மையில் அது பெரிதும் ஓர் உரையாடலேயாகும். உறக்கம், பசி, மனநிலை, எண்ணங்கள், பிறருக்குக் கேட்காத குரல்கள் தமக்குக் கேட்கின்றனவா என்பன பற்றி வைத்தியர் வினவுவார். மாற்றம் எப்போது தொடங்கியது என்பதை உறவினரிடமும் கேட்டறிவார். இரத்தப் பரிசோதனை ஒன்றினால் மட்டும் உளநோயை உறுதிசெய்ய இயலாது. எனினும், தைரொயிட் சுரப்பியின் கோளாறு போன்ற உடற்காரணங்களும் மனச்சோர்வாக வெளிப்படக்கூடும் என்பதால் அப்பரிசோதனைகளும் செய்யப்படுவதுண்டு. தாய்மொழியில் பேச முடியாத இடமாயின், நோயாளி நம்பும் ஒருவரை மொழிபெயர்ப்புக்காக உடன் அழைத்துச் செல்வது நன்று. பெரும்பாலானோர் வீட்டிலிருந்தவாறே கிளினிக்குக்குச் சென்று சிகிச்சை பெறுகின்றனர்.

மனச்சோர்வுக்கான மருந்துகள் பயனளிக்கச் சில வாரங்கள் செல்லும். பத்து நாட்களில் மாற்றமில்லை என்றோ, சுகமாகிவிட்டது என்றோ தாமாகவே நிறுத்துவது தவறு. பக்கவிளைவு தோன்றினால் வைத்தியரிடம் கூறினால், அவர் அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

இறந்துவிட வேண்டும் என ஒருவர் கூறுவாராயின், அதனை வெறும் மிரட்டல் என அலட்சியம் செய்தலாகாது. அவரைத் தனிமையில் விடாது, கிருமிநாசினியையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்தி, உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டப்பிரிவு இலங்கையில் 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆதலால் பொலிஸுக்கு அஞ்சி உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

அரச வைத்தியசாலைகளில் உளநலச் சிகிச்சை இலவசமானது. எங்கு செல்வதெனத் தெரியாதோர் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் விசாரிக்கலாம். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தின் மூலமும் ஆலோசனை பெறலாம்.

யுத்தத்தையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்ட நம் மக்களின் மனங்கள் சுமந்தவை ஏராளம். அச்சுமைக்கு மருந்து தேடுவதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஊரார் என்ன சொல்வார்களோ என்று தயங்கும் குடும்பங்கள், தம் பிள்ளையின் எதிர்காலத்தை முதலில் எண்ணிப் பார்ப்பார்களாக.